தலைகீழாக அனுப்பி மிச்சம் பிடித்த கதை: டேட்டா பஸ் இன்வர்ஷன்

ஒரு அறையில் எட்டு சுவிட்சுகள், எட்டு விளக்குகள். விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்து எதிர் அறையில் இருப்பவர் சேதியைப் புரிந்துகொள்கிறார். இப்போது எட்டும் அணைந்திருக்கின்றன. அடுத்த சேதிக்கு ஏழு விளக்குகள் எரிய வேண்டும், ஒன்று மட்டும் அணைந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஏழு சுவிட்சுகளைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் காசு என்றால்?

சோம்பேறியான ஒருவர் ஒன்பதாவதாக ஒரு சிவப்பு விளக்கு வைக்கிறார். சிவப்பு எரிந்தால் மற்ற எட்டையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர் அறைக்காரரிடம் சொல்லி வைக்கிறார். இப்போது ஏழைத் தட்ட வேண்டியதில்லை. அணைந்திருக்க வேண்டிய அந்த ஒரு விளக்கையும், சிவப்பு விளக்கையும் போட்டால் போதும். இரண்டே தட்டல். அதே சேதி!

சிப் உலகத்தில் இதற்குப் பெயர் டேட்டா பஸ் இன்வர்ஷன். சுருக்கமாக டி.பி.ஐ. (இது தாம்பரம் போகும் பஸ் இல்லை. சிப்புக்குள்ளும் சிப்புகளுக்கு நடுவிலும் தகவலைச் சுமக்கும் கம்பிக் கூட்டத்துக்குத்தான் பஸ் என்று பெயர்.) கேட்டதும் "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அனுப்பும் முன்பு, தலைகீழாக்கினால் லாபமா நஷ்டமா என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டுமே. எண்ணுவதற்கும் ஒரு சர்க்யூட் வேண்டும். அந்த சர்க்யூட்டுக்கும் இடம் வேண்டும், கரண்ட் வேண்டும், நேரம் வேண்டும். கணக்கு எழுதுகிற குமாஸ்தாவின் சம்பளம், அவர் பிடித்துக் கொடுக்கும் மிச்சத்தைவிட அதிகமாக இருந்தால் கடை என்ன ஆவது? டி.பி.ஐ.யின் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலான வரலாறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

முதலில் வந்தது மிச்சம் அல்ல, இரைச்சல்

1980களில் இந்த யோசனை எழுந்தபோது கரண்ட் பில் பெரிய கவலையாக இல்லை. கவலை வேறு. ஒரு சிப்பின் எட்டு, பதினாறு கால்கள் ஒரே நொடித்துளியில் 0விலிருந்து 1க்கோ, 1லிருந்து 0வுக்கோ மாறினால், எல்லாம் சேர்ந்து மின்சாரத்தைத் திடீரென்று இழுக்கும். தெருவில் எல்லா வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்குகிறதே, அதே மாதிரிதான். சிப்புக்குள் வோல்டேஜ் ஆடினால் 0 எது, 1 எது என்பதில் குழப்பம் வரும்.

ராபர்ட் ஃபிளெட்சர் என்பவருக்கு 1987 மே மாதம் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. எண் 4,667,337. சிப்பின் வெளியீட்டுக் கால்களில் நடக்கும் நிலைமாற்றங்களைக் குறைப்பதுதான் அதன் பொருள். பாதிக்கு மேல் மாற வேண்டியிருந்தால் தலைகீழாக்கி அனுப்பு, கூடவே ஒரு அடையாளம் கொடு என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. 1990ல் எம்.ஐ.டி.யில் டேபர் என்ற மாணவரின் முதுநிலை ஆய்வேடும் இதே பாதையில் போனது. அதன் நோக்கமும் இரைச்சலைக் குறைப்பதுதான்.

1995: பற்று வரவு எழுதப்பட்ட வருடம்

1990களில் லேப்டாப்பும் செல்போனும் வந்தன. பேட்டரி என்ற ஒன்று எல்லாருடைய கவலையாகவும் ஆனது. சிப் வடிவமைப்பவர்கள் மின்சாரம் எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தார்கள்.

சீமாஸ் வகை சிப்பில், ஒரு கம்பி நிலை மாறும்போதுதான் பெரும்பாலான மின்சாரம் செலவாகும். கம்பியை ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். 1 என்றால் தொட்டியை நிரப்ப வேண்டும், 0 என்றால் கொட்டிவிட வேண்டும். நிரப்பி நிரப்பிக் கொட்டினால் செலவு. அப்படியே விட்டுவைத்தால் செலவில்லை. சிப்புக்கு உள்ளே இருக்கும் தொட்டிகள் ஊசி முனை அளவு. வெளியே போகும் கம்பிகளோ அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு பெரிய தொட்டிகள். ஆகவே வெளிக் கம்பியில் ஒரு மாற்றத்தைத் தவிர்க்க, உள்ளே நிறைய சின்ன சின்ன வேலைகள் செய்தாலும் கட்டுப்படியாகும்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் உள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிர்ச்சா ஸ்டானும் வேய்ன் பர்ல்சனும். 1995 மார்ச்சில் ஐ.இ.இ.இ. ஆய்விதழில் வந்த அவர்களுடைய கட்டுரைதான் இந்த முறைக்கு 'பஸ் இன்வர்ட்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. உச்ச செலவு 50 சதவீதம் குறையும், சராசரி செலவு அதிகபட்சம் 25 சதவீதம் வரை குறையும் என்பது அவர்கள் சொன்ன முடிவு.

உச்ச செலவு பாதியாவது எளிதாகப் புரியும். எட்டுக் கம்பியில் ஐந்து மாற வேண்டுமென்றால் தலைகீழாக்கினால் மூன்றுதான், அடையாளக் கம்பியோடு நான்கு. எந்தச் சேதி வந்தாலும் நான்கைத் தாண்டாது. சராசரிதான் கொஞ்சம் ஏமாற்றம் தரும். ஏனென்றால் பெரும்பாலான சேதிகளில் மூன்று, நான்கு, ஐந்து கம்பிகள்தான் மாறுகின்றன. ஏழும் எட்டும் அபூர்வம். எந்த ஒழுங்கும் இல்லாத தகவல் என்று வைத்துக்கொண்டு தாளில் கணக்குப் போட்டால் கிடைப்பது இது:

2 கம்பிக்கு ஒரு அடையாளக் கம்பி: மிச்சம் 25 சதவீதம், கூடுதல் கம்பி 50 சதவீதம்.
4 கம்பிக்கு ஒன்று: மிச்சம் 21.9 சதவீதம், கூடுதல் கம்பி 25 சதவீதம்.
8 கம்பிக்கு ஒன்று: மிச்சம் 18.3 சதவீதம், கூடுதல் கம்பி 12.5 சதவீதம்.
16 கம்பிக்கு ஒன்று: மிச்சம் 14.6 சதவீதம், கூடுதல் கம்பி 6.25 சதவீதம்.

எட்டுக் கம்பியில் சராசரியாக 4 மாற்றம் நடந்த இடத்தில் 3.27 நடக்கிறது. அவ்வளவுதான். கூட்டத்தைச் சின்னதாக்கினால் மிச்சம் கூடும், ஆனால் கம்பிச் செலவும் கூடும். சிப்பில் ஒவ்வொரு காலும் காசு. பிற்பாடு வந்த தரநிலைகள் பலவும் 8ல் போய் நின்றதற்கு இந்தப் பட்டியலே பாதி விளக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகவரி அனுப்பும் பஸ்ஸில் 100, 101, 102 என்று எண்கள் வரிசையாகப் போகும். அங்கே டி.பி.ஐ.யால் பெரிய லாபமில்லை. அதற்காக 1997ல் பெனினி குழுவினர் 'டி-ஜீரோ' என்ற வேறு முறையைச் சொன்னார்கள். வரிசையாகப் போகும்வரை முகவரியை அனுப்பவே வேண்டாம், 'அடுத்தது' என்று ஒரு கம்பியில் சொன்னால் போதும் என்பது அதன் சாரம். டி.பி.ஐ. நிலைத்தது ஒழுங்கே இல்லாத தகவல் ஓடும் இடத்தில்தான்.

மேசைக்கு அடியில் வந்து சேர்ந்தது

2000 நவம்பரில் இன்டெல் பென்டியம் 4 வெளியானது. அதன் கால்களின் பட்டியலில் டி.பி.ஐ. என்ற பெயரில் நான்கு கால்கள் இருந்தன. தகவல் கம்பிகள் 64. அவற்றைப் பதினாறு பதினாறாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு அடையாளக் கம்பி. பாதிக்கு மேல் தாழ்ந்த நிலைக்குப் போக வேண்டியிருந்தால் அந்தக் கூட்டத்தையே தலைகீழாக்கி அனுப்பலாம். 2002ல் வந்த ஏ.ஜி.பி. 3.0 கிராஃபிக்ஸ் கார்டு தரநிலையிலும், 32 கம்பிகளுக்கு இரண்டு டி.பி.ஐ. கம்பிகள் இடம் பிடித்தன. அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் பென்டியம் 4 முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும், தெரியாமலேயே இந்த முறையைப் பயன்படுத்தியவர்கள்தான்.

இங்கே ஒரு மாற்றம் நடந்திருப்பதைப் பார்க்கலாம். ஸ்டானும் பர்ல்சனும் எண்ணியது எத்தனை கம்பி மாறுகிறது என்பதை. பென்டியம் 4 எண்ணியது எத்தனை கம்பி தாழ்ந்த நிலையில் இருக்கிறது என்பதை. ஏன்?

வேகம் கூடக் கூட, கம்பியின் முனையில் அலை மோதித் திரும்பி வந்து தொல்லை கொடுக்கும். அதைத் தடுக்க முனையில் ஒரு ரெசிஸ்டரை வைத்து உயர்ந்த வோல்டேஜோடு கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய கம்பியில் 1 அனுப்பினால் கரண்ட் ஓடாது. 0 அனுப்பினால், அது 0வாக இருக்கும் நேரம் முழுக்கக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மூடாத குழாய் மாதிரி. இங்கே செலவு மாற்றத்தால் மட்டும் வருவதில்லை, 0 என்ற எழுத்தாலேயே வருகிறது.

ஆக, டி.பி.ஐ. இரண்டு வகை ஆனது. மாற்றங்களை எண்ணுவது ஏ.சி. வகை. இருக்கும் நிலையை எண்ணுவது டி.சி. வகை. டி.சி. வகைக்கு இப்போதைய பைட்டை மட்டும் பார்த்தால் போதும். ஏ.சி. வகைக்கு முந்தைய பைட் என்னவாகப் போனது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நினைவுச் செல்கள் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க எக்ஸார் கேட்டுகள் வேண்டும். குமாஸ்தாவுக்கு ஒரு உதவியாளரும் சேர்ந்த கணக்கு.

குமாஸ்தாவின் சம்பளத்தைக் குறைப்பது எப்படி?

டி.பி.ஐ. சர்க்யூட்டின் இதயம் பெரும்பான்மையைக் கண்டுபிடிக்கும் பகுதி. எட்டில் ஐந்து அல்லது அதற்கு மேலா, இல்லையா? ஓட்டு எண்ணிக்கை மாதிரி. இதைச் சின்னதாக, வேகமாக, குறைந்த மின்சாரத்தில் செய்வதில்தான் பொறியாளர்களின் மூளை வேலை செய்தது.

நேரடியான வழி, கூட்டிப் பார்ப்பது. மூன்று பிட்டைக் கூட்டும் 'ஃபுல் ஆடர்' என்ற சின்ன அலகு உண்டு. ஏழு பிட்டை எண்ண அப்படி நான்கு போதும். இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. ஏழு பிட்டின் கூட்டுத்தொகை மூன்று இலக்க இரும எண்ணாக வரும். அதன் முதல் இலக்கம் 1 என்றால் தொகை 4 அல்லது அதற்கு மேல், அதாவது பெரும்பான்மை. மற்ற இரண்டு இலக்கங்களைப் பார்க்கவே வேண்டாம். எட்டாவது பிட் வந்ததும்தான் சிக்கல் கூடுகிறது, சர்க்யூட் பெருக்கிறது.

அப்படியென்றால் எட்டாவது பிட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால்? தவறான முடிவு வரும்தானே?

வரும். ஆனால் டி.பி.ஐ.யின் பெரிய வசதி இங்கேதான் இருக்கிறது. முடிவு தவறினாலும் தகவல் தவறாது. தலைகீழாக்கியதா இல்லையா என்பதை அடையாளக் கம்பி எப்போதும் உண்மையாகவே சொல்கிறது. பெறுபவர் அதைப் பார்த்துச் சரியாகவே படித்துக்கொள்வார். ஓட்டு எண்ணிக்கையில் பிழை நேர்ந்தால் கொஞ்சம் மின்சாரம்தான் வீணாகும், ஒரு எழுத்துகூட மாறாது. ஒரு பிட்டை விட்டுவிட்டு எண்ணினால் 256 பைட் வகைகளில் 35ல் மட்டுமே தவறான முடிவு வரும். ஒவ்வொன்றிலும் நஷ்டம் ஒரே ஒரு கம்பி. மிச்சம் 18.3 சதவீதத்திலிருந்து 14.8 ஆகக் குறையும். உச்சம் நான்குக்குப் பதில் ஐந்தாகும். அந்த நஷ்டத்தைவிடச் சின்ன சர்க்யூட்டின் லாபம் பெரிதா என்பது ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாகப் போட வேண்டிய கணக்கு.

இன்னொரு வழி, எண்ணவே வேண்டாம், எடை போட்டால் போதும் என்பது. கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, 0 பிட்டுகள் ஒரு பக்கமும் 1 பிட்டுகள் மறுபக்கமும் கரண்டை இழுக்கட்டும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு ஆம்ப்ளிஃபையர் பார்த்துச் சொல்லிவிடும். இதற்கு அனலாக் முறை என்று பெயர். கூட்டல் படிகள் இல்லை, இடமும் நேரமும் மிச்சம். ஆனால் சிப்பில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி அமைவதில்லை. எட்டுக்கு பூஜ்யம் என்றால் பிரச்சினை இல்லை, ஐந்துக்கு மூன்று என்ற நெருக்கமான போட்டியில் பலவீனமான ஒரு டிரான்சிஸ்டர் தீர்ப்பையே மாற்றிவிடும்.

சாம்சங் பொறியாளர்கள் 80 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த 512 மெகாபிட் ஜி.டி.டி.ஆர்.4 கிராஃபிக்ஸ் மெமரி, ஒரு காலுக்கு நொடிக்கு 4 ஜிகாபிட் வேகத்தில் ஓடியது. 2008ல் ஐ.இ.இ.இ. ஆய்விதழில் வந்த அதன் கட்டுரையில் இரண்டு முக்கியமான விஷயங்கள் உண்டு. ஒன்று, டிரான்சிஸ்டர் வித்தியாசத்தால் அதிகம் பாதிக்கப்படாத ஒரு அனலாக் முறை. இரண்டு, ஏ.சி. வகைக்கும் டி.சி. வகைக்கும் தனித்தனி குமாஸ்தா வைக்காமல் ஒரே பெரும்பான்மை சர்க்யூட்டைப் பங்குபோட்டுக்கொண்டது. நோக்கம் என்று அவர்கள் சொன்னது மின்செலவையும், மின்வழங்கலில் எழும் இரைச்சலையும் குறைப்பது. 1987ல் தொடங்கிய காரணமும் 1995ல் சேர்ந்த காரணமும் ஒரே சிப்பில் சந்தித்துக்கொண்டன.

ஒரே பைட், இரண்டு தீர்ப்பு

2012 செப்டம்பரில் ஜெடெக் அமைப்பு டி.டி.ஆர்.4 தரநிலையை வெளியிட்டது. அதில் டி.பி.ஐ. இருந்தது. 1.2 வோல்ட்டில் ஓடும் இந்த மெமரியில் கம்பிகள் உயர்ந்த வோல்டேஜோடு கட்டப்பட்டவை. ஆகவே 0தான் செலவு. ஒரு பைட்டில் நான்குக்கு மேல் 0 இருந்தால் தலைகீழாக்கு என்பது விதி. எட்டும் 0வாக இருக்கும் பைட் கம்ப்யூட்டரில் ரொம்ப சகஜம். டி.பி.ஐ. இல்லாவிட்டால் எட்டுக் கம்பியும் கரண்ட் குடிக்கும். இருந்தால் அடையாளக் கம்பி ஒன்று மட்டும்.

2014 ஆகஸ்டில் செல்போன்களுக்கான எல்.பி.டி.டி.ஆர்.4 தரநிலை வந்தது. அதில் கம்பிகள் தரையோடு, அதாவது பூஜ்ய வோல்டேஜோடு கட்டப்பட்டன. அங்கே 0 இலவசம், 1தான் செலவு! விதியும் தலைகீழ். நான்குக்கு மேல் 1 இருந்தால் மாற்று. ஒரே பைட் கம்ப்யூட்டரில் ஒரு தீர்ப்பும் செல்போனில் வேறு தீர்ப்பும் பெறும்.

2013ல் வந்த எச்.பி.எம். மெமரி இன்னொரு கதை. சிப்புகளை அடுக்கி வைத்து, 1024 கம்பிகளால் பக்கத்து சிப்போடு இணைக்கும் முறை இது. தூரம் மில்லிமீட்டர் கணக்கில்தான். ஆகவே முனையில் ரெசிஸ்டர் தேவையில்லை. ரெசிஸ்டர் இல்லையென்றால் மறுபடியும் மாற்றம்தான் செலவு. எனவே அங்கே ஏ.சி. வகை திரும்பி வந்தது.

விட்டுவிட்டவர்கள்

இவ்வளவு நல்ல யோசனை என்றால் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்தானே? இல்லை.

டி.டி.ஆர்.4லேயே நான்கு கம்பி வகை சிப்புகளுக்கு டி.பி.ஐ. கிடையாது. பெரிய சர்வர்களில் அதிகம் பயன்பட்டவை அந்தச் சிப்புகள்தான். கரண்ட் பில் அதிகம் வரும் இடத்திலேயே இந்த வசதி இல்லாமல் போனது. மேலே உள்ள பட்டியலைத் திரும்பிப் பார்த்தால் கூடுதல் கம்பிச் செலவு 25 சதவீதம் என்பது கண்ணில் படும்.

டி.பி.ஐ. உள்ள சிப்புகளிலும் விலை உண்டு. எழுதும்போது சில பைட்டுகளை மட்டும் மறைத்து எழுத உதவும் 'டேட்டா மாஸ்க்' வசதிக்கும் அதே கால்தான். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். படிக்கும்போது டி.பி.ஐ.யை இயக்கினால், எண்ணிப் பார்த்து அனுப்புவதற்காகக் கூடுதலாக இரண்டிலிருந்து நான்கு கடிகாரத் துடிப்புகள் காத்திருக்க வேண்டும். டி.டி.ஆர்.4ன் 3200 வேகத்தில் நான்கு துடிப்பு என்றால் 2.5 நானோநொடி. மனிதக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பிராசஸர் காத்திருக்கிற நேரம் அது.

2020 ஜூலையில் டி.டி.ஆர்.5 தரநிலை வெளியானது. வோல்டேஜ் 1.1 ஆகக் குறைந்தது, வேகம் கூடியது, பிழை திருத்தும் சர்க்யூட் மெமரி சிப்புக்கு உள்ளேயே வந்தது. டி.பி.ஐ. மட்டும் இல்லை. அதே நேரத்தில் எல்.பி.டி.டி.ஆர்.5 வகை செல்போன் மெமரியிலும், ஜி.டி.டி.ஆர்.6 கிராஃபிக்ஸ் மெமரியிலும் அது தொடர்ந்தது.

1995ல் டி.பி.ஐ.யின் செலவு என்றால் சர்க்யூட் பிடிக்கும் இடமும் அதன் மின்சாரமும்தான். டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்ததில் அந்தச் செலவு கரைந்துபோனது. வெளிக் கம்பிகள் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. அந்தக் கணக்கு மட்டும் என்றால் டி.பி.ஐ. வருடத்துக்கு வருடம் இன்னும் லாபமாகியிருக்க வேண்டும். ஆனால் வேகம் கூடியதும் செலவு வேறு பேரேட்டுக்கு மாறிவிட்டது. காத்திருக்கும் நேரமும், ஒரு காலும்தான் இப்போது விலை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு யோசனை, மின்சாரக் கணக்கில் ஜெயித்துக்கொண்டே நேரக் கணக்கில் தோற்க முடியும். அதனால்தான் சின்ன, வேகமான பெரும்பான்மை சர்க்யூட்டுகளைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை.

யோசனை 1987ல் இருந்த அதே யோசனைதான். எண்ணு, பாதிக்கு மேல் என்றால் திருப்பிப் போடு, திருப்பியதைச் சொல்லிவிடு. எதை எண்ண வேண்டும் என்பதும், எண்ணுவதற்கு என்ன கூலி என்பதும்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அடுத்த முறை செல்போன் பேட்டரி சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தால், உள்ளே யாரோ ஒரு குட்டி குமாஸ்தா ஒவ்வொரு பைட்டிலும் எத்தனை 1 இருக்கிறது என்று நொடிக்குக் கோடிக்கணக்கான முறை எண்ணிக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.